அங்கொடைக்கு அனுப்பவா?

"இவனை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்." கன்ரீனில் நாங்களும் எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்போம்! அந்தப் பகிடி சும்மா வந்ததல்ல.

1847இல் பொரளையில் மனநோயாளருக்கென்று ஒரு காப்பகம் வருமுன், பலரை ஹெந்தளைத் தொழுநோய் மருத்துவமனையில்தான் அடைத்து வைத்தார்கள். 1873இல் பைத்தியர் கட்டளைச் சட்டம் வந்தது. ஒருவருக்குச் சித்தசுவாதீனம் இருக்கா இல்லையா என்று விசாரித்துத் தடுத்துவைக்கச் சொல்வது மாவட்ட நீதிமன்றம். நோயாளி போன வழியும் கள்ளன் போன வழியும் ஒன்றுதான். 1920களில் அங்கொடை எழுந்தபோதும் அதே சட்டம். 1956இல் பெயரை மாற்றினார்கள், அடித்தளம் அப்படியே. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் 1998 வரை சட்டப்படி குற்றவாளி!

குடியின் கதை இன்னும் விசித்திரம். சாராயம் விற்கும் உரிமையை ஏலம் போட்டு வருமானம் பார்த்தது இதே காலனித்துவ அரசு. தவறணைக்கு அனுமதி கொடுத்ததும் அது, வெறியில் றோட்டில் விழுந்தவனைப் பிடித்ததும் அதன் பொலிஸ்.

எங்கட ஊர்ப் பக்கம், யுத்தத்துக்குப் பிறகு நித்திரை வராமல் குடிக்கத் தொடங்கிய அப்பாமார் இருக்கினம். சம்பளக் காசு தவறணையோடு முடியும், கடைக் கடன் கொப்பி நிரம்பும், மூத்த பிள்ளையின் ரியூசன் நிற்கும். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே என்றால் அம்மா தயங்குவா. "ஆக்கள் கண்டால் பிள்ளையின்ர கலியாணம் என்னாகும்?"

இதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. அந்த அம்மாவுக்கு 1873ஆம் ஆண்டுச் சட்டம் தெரியாது. உள்ளே போனவை திரும்பி வரேல்லை என்று அம்மம்மா சொன்ன கதை மட்டும் தெரியும்.