கடலில் வெடித்தது, பேராயர் முதுகில் விழுந்தது

சென்ற வாரம் சொன்னபடி இந்த அத்தியாயம் 1946ஆம் ஆண்டு வழக்கு மன்றத்துக்குள் நுழைந்திருக்க வேண்டும். ஆனால் சிங்கப்பூரின் புக்கிட் மேராவைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஃபேபர் மலையில் நின்று தெற்கே பார்த்தால் காலடியில் கெப்பல் துறைமுகம். கதை அங்கேதான் தொடங்குகிறது.

1943 செப்டம்பர் 26 இரவு. ஜப்பானியர் பிடியிலிருந்த சிங்கப்பூருக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ‘கிரெய்ட்’ என்ற பழைய ஜப்பானிய மீன்பிடிப் படகில் நேச நாட்டுப் படையினர் 14 பேர் கிளம்பி வந்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு உள்ளூர் மீனவர்களாகத் தெரிய வேண்டுமென்று உடம்பில் பழுப்புச் சாயம், இடுப்பில் சாரோங். அவர்களில் ஆறு பேர் மூன்று மடக்குத் தோணிகளில் ஏறி இருட்டில் துடுப்புப் போட்டார்கள். அந்த ஆறு பேரில் ஒருவரான டேவிட்சனின் தோணி கெப்பல் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து பார்த்தது. ஏற்ற கப்பல் அகப்படாததால் வெளியே வந்து நங்கூரத்தில் நின்றவற்றைத் தேடிப் போனது. தலைவர் ஐவன் லயன் இன்னொரு தோணியில். கப்பல்களின் அடிவயிற்றில் காந்தக் குண்டுகளை ஒட்டிவிட்டு நழுவினார்கள். விடியற்காலையில் அடுத்தடுத்து வெடிச்சத்தம். ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன.

வீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வீரத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். அதே வழியில் மீண்டும் வரலாம் என்று நேச நாடுகள் வாய் திறக்கவில்லை. கடல் வழியாக எதிரி வந்திருப்பான் என்று ஜப்பானியர் நம்பவே இல்லை. சாங்கிச் சிறைக்குள்ளிருந்துதான் யாரோ சதி செய்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். அக்டோபர் 10 அன்று ஜப்பானிய இராணுவக் காவல் படையான கெம்பித்தாய் சிறைக்குள் பாய்ந்தது. மொத்தம் 57 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 15 பேர் உயிரோடு திரும்பவில்லை.

பிடிபட்டவர்களில் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயர் லெனர்ட் வில்சன். முன்பு அவரைச் சாங்கியில் அடைத்தபோது ஊருக்குள் தேவாலயங்களை விழாமல் தாங்கிப் பிடித்தவர்கள் உள்ளூர்க் குருமார்கள். டி. டி. செல்லையா என்ற தமிழரும் அவர்களில் ஒருவர்.

ஆர்ச்சர்ட் சாலை ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் வில்சனுக்கு நாள்கணக்கில் அடி. ஆள் மாற்றி ஆள் முடிச்சுக் கயிற்றால் விளாசினார்கள். “உன் கடவுள் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை?” என்று கேட்டார்கள். வலியிலிருந்து விடுவிப்பதன் மூலமல்ல, அதைத் தாங்கும் மனத்தைத் தருவதன் மூலம் காப்பாற்றுகிறார் என்பதே அவர் தந்த பதில்.

ஆனால் அந்தப் பதிலைவிடப் பெரியது அவர் 1946இல் பிபிசி வானொலியில் ஒப்புக்கொண்ட ஒன்று. முதல் அடிக்குப் பிறகு தைரியம் கேட்டு ஜெபிக்கவே அவருக்குப் பயமாக இருந்ததாம். தைரியம் கேட்டால், அதைக் காட்ட இன்னொரு வாய்ப்பும் வந்துவிடுமோ என்ற பயம்! ஒரு பேராயர், உலகம் கேட்க, தன் நடுக்கத்தை மறைக்காமல் சொன்னார். அடித்தவர்களை மன்னிக்க அவர் கண்ட வழியும் எளியது. ஒரு காலத்தில் அவர்களும் அண்ணன் தம்பிகளோடு விளையாடிய குழந்தைகள்தானே என்று நினைத்துப் பார்த்தார்.

அதே கட்டடத்தில் எலிசபெத் சோய் என்ற ஆசிரியை 193 நாள் அடைபட்டுக் கிடந்தார். கணவர் கண்ணெதிரே அவருக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள். போருக்குப் பிறகும் அவர் பழிவாங்கக் கேட்கவில்லை. கொடியது போர்தான் என்றார்.

லயனுக்கு வீரன் என்ற பட்டம் தகும். இந்தத் தொடரின் கணக்கில் வில்சனும் சோயும் அவரைவிட ஒரு படி மேலே.

பிற்காலத்தில், தன்னை வதைத்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவரானபோது, அவருக்குத் திடப்படுத்தல் சடங்கை நடத்தி வைத்தவர் வில்சனே.

வதைத்தவர்கள் மீதான வழக்கு 1946 மார்ச் 18 அன்று தொடங்கியது. கூண்டில் நின்றவர்கள் 21 பேர். அவர்களை அடுத்த வாரம் பார்ப்போம்.