அயலார் கை மருந்து

ஓர் அரசாங்கம் தனக்கு வேண்டிய மருந்தை யாரிடம் வாங்கலாம், யாரிடம் வாங்கலாகாது என்னும் வினா இன்று புதிதாகப் பிறந்ததன்று. முதல் உலகப் போரின் நாட்களிலேயே அது கடுமையாக எழுந்தது. அவ்வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம்.

1914ஆம் ஆண்டில் சாயத் தொழிலிலும் மருந்துத் தொழிலிலும் ஜெர்மனியே தலைசிறந்து விளங்கிற்று. பிரிட்டிஷ் போர்வீரரின் காக்கி உடைக்கு வேண்டிய சாயமும் அந்நாட்டிலிருந்தே வந்தது. மேகநோயைத் தீர்க்கும் ‘சால்வர்சான்’ என்னும் மருந்தும் அவ்வாறே. பால் ஏர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞரும், அவருடன் உழைத்த ஹாட்டா என்னும் ஜப்பானியரும் 1909இல் அதன் ஆற்றலைக் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது.

போர் மூண்டதும் பகைநாட்டு வாணிகத்தைப் பிரிட்டன் சட்டத்தால் தடுத்தது. ஆனால் நோய் சட்டத்துக்குக் கட்டுப்படுமா? பகைவரின் காப்புரிமைகளைத் தம் நாட்டார் பயன்படுத்திக்கொள்ளவும் அரசாங்கம் வழிசெய்தது. பரோஸ் வெல்கம் கம்பெனியார் அம்மருந்தைக் ‘கார்சிவான்’ என்னும் பெயரில் செய்தனர். பாஷாணச் சத்து கலந்த மருந்தாதலின், செய்முறை சிறிது பிழைத்தாலும் உயிருக்கே ஊறு நேரும். எனவே அதனைச் சோதித்துப் பார்த்த பின்னரே வெளியிட வேண்டியதாயிற்று.

அமெரிக்காவும் இத்தொல்லைக்கு ஆளாயிற்று. பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மானியக் கப்பல்களை மறித்தமையால், 1916 ஜூலையில் ‘டாய்ச்லாந்து’ என்னும் நீர்மூழ்கிக் கப்பல் சாயமும் மருந்தும் சுமந்து பால்டிமோர் துறைமுகத்தை அடைந்தது. மறு ஆண்டு அமெரிக்காவும் போரில் இறங்கியது. பகைவரின் காப்புரிமையைப் பயன்படுத்த உள்நாட்டாருக்கு உரிமம் வழங்கப்பட்டது. பேயர் கம்பெனியின் அமெரிக்கக் கிளை பறிமுதலாகி, 1918 டிசம்பரில் 53 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 1919இல் ஆயிரக்கணக்கான ஜெர்மானியக் காப்புரிமைகள் ‘கெமிக்கல் பவுண்டேஷன்’ என்னும் அமைப்பின் கைக்கு மாறின. இது செல்லும் என அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1926இல் தீர்ப்பளித்தது.

நூறாண்டுக்குப் பின்னர் அதே அமெரிக்காவில் இவ்வினா மீண்டும் எழுந்தது. 1914இல் இருந்த அச்சம் மருந்து வராமற் போகுமே என்பது. இப்போதோ, மக்களின் மரபணுச் செய்திகள் அயலரசின் கைக்குச் சென்றுவிடுமோ என்னும் அச்சமும் சேர்ந்துகொண்டது. ஐந்து நிறுவனங்களைப் பெயர் சுட்டிய மசோதா ஒன்று 2024 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபையில் 306க்கு 81 என்னும் வாக்குகளால் நிறைவேறியது; ஆயினும் அவ்வாண்டில் சட்டமாகவில்லை. 2025 டிசம்பரில், பெயர்கள் நீக்கப்பட்ட வடிவில், பாதுகாப்புச் சட்டம் ஒன்றன் பகுதியாக அது நிறைவேறியது. ஐயத்துக்குரிய உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்களின் கருவிகளையும் சேவைகளையும் அரசாங்கம் வாங்குவதை அது தடுக்கிறது. எனினும், முன்னரே செய்துகொண்ட ஒப்பந்தங்கள் சிலவற்றுக்கு ஐந்தாண்டுத் தவணையும் அளிக்கிறது.

அத்தவணையில்தான் வரலாற்றின் படிப்பினை அடங்கியுள்ளது. வாங்காதே என்று ஆணையிட ஒரு நாள் போதும்; அதே பொருளைப் பிழையின்றிச் செய்யும் கைகளைப் பழக்கப் பல ஆண்டுகள் வேண்டும். காப்புரிமைத் தாளைப் பறிமுதல் செய்யலாம். கைத்திறனைப் பறிமுதல் செய்தல் இயலாது. நாட்டின் காவலைக் கருதி ஒரு வாயிலை அடைப்பது முறையே. ஆனால் அடைக்குமுன் மற்றொரு வாயிலைத் திறந்து வைத்தல் வேண்டும். இன்றேல், அத்தடையின் விலையைக் கொடுப்பவன் பகைவன் அல்லன். மருந்துக்குக் காத்திருக்கும் நோயாளியே ஆவான்.