பகடைக்குள் ஒரு பேய்

பயங்கரக் கதை எழுதுகிறவருக்கு ஹாஸ்யம் வராது என்று பொதுவாக ஓர் எண்ணம் உண்டு. பத்திரிகை ஆசிரியர்களிடம் இது சற்றுப் பலமாகவே உண்டு. ஸாண்டி பீட்டர்ஸன் என்ற அமெரிக்கரின் சரித்திரம் தெரிந்தால் அவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இவர் பெயர் வாங்கியது கதை எழுதி அல்ல; கதை விளையாட்டு அமைத்து. அது என்ன விளையாட்டு என்கிறீர்களா? நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, "நான் கதவைத் திறக்கிறேன்" என்பார்கள். கதவு திறந்ததா, திறந்தவர் கதி என்ன ஆயிற்று என்பதைப் பகடை சொல்லும். 1974-ல் வெளிவந்த 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வம்சத்தின் மூத்த பிள்ளை. என் பாத்திரங்களை நான் கிணற்றில் தள்ளினால் அவை மறுபேச்சுப் பேசுவதில்லை. அங்கேயோ அவை வாதாடும்!

1981-ல் பீட்டர்ஸன் 'கால் ஆஃப் கதுல்ஹு' என்ற விளையாட்டை வெளியிட்டார். 1937-ல் வறுமையில் மாண்ட லவ்கிராஃப்ட் என்ற எழுத்தாளரின் கதைகளிலிருந்து பிறந்தது அது. அதில் உங்கள் சித்த ஸ்வாதீனத்துக்கே மார்க்கு உண்டு. கோரத்தைக் கண்டால் மார்க்கு குறையும். படிக்கத் தகாத புத்தகத்தைப் படித்தால் ஞானம் ஏறும், புத்தி இறங்கும். கடைசியில் பைத்தியம்.

ஐந்து வருஷம் கழித்து, 1986-ல், அதே மனிதர் லின் வில்லிஸ், கிரெக் ஸ்டாஃபோர்டு என்ற இருவருடன் சேர்ந்து 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' விளையாட்டை அமைத்தார். வெஸ்ட் எண்ட் கேம்ஸ் கம்பெனி வெளியிட்டது. 1984-ல் வந்த சினிமாவைப் பலர் பார்த்திருப்பீர்கள். சர்வகலாசாலை துரத்திவிட்ட பண்டிதர்கள் வீட்டை அடகு வைத்துப் பேய் பிடிக்கும் கம்பெனி ஆரம்பிக்கிறார்களே, அதுதான். விளையாடுகிறவர்கள் அந்தக் கம்பெனியின் கிளையை நடத்த வேண்டும். பேயைப் பிடித்துவிட்டுப் பில்லும் நீட்ட வேண்டும்!

மூளை, உடல்வலு, சுறுசுறுப்பு, பதறாத தன்மை என்று பாத்திரத்துக்கு நாலே குணங்கள். ஒரு குணத்துக்கு எத்தனை எண்ணோ அத்தனை பகடையை அள்ளி உருட்டிக் கூட்டிக்கொள்ள வேண்டியது. இப்படிக் கைநிறையப் பகடை உருட்டும் முறைக்கு வழிகாட்டி இந்த விளையாட்டே என்பார்கள். ஆபத்தில் கைகொடுக்க ஆளுக்கு 20 'பிரௌனி பாயிண்ட்' உண்டு. அதைச் செலவழித்து அடிபடாமல் தப்பலாம். ஆகையால் சாவு அபூர்வம். அசடு வழிவது மட்டும் தாராளம். ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சியமும் வேண்டும். ஒருவருக்குப் புகழ், இன்னொருவருக்குப் பணம். மனித குலத்துக்குச் சேவை என்பவரும் உண்டு. என்னைக் கேட்டால், பாதி நாவல் இங்கேயே ஆகிவிட்டது.

ஆனால் நான் வியப்பது வேறொன்றை. உருட்டும் பகடைகளில் ஒன்றில் மட்டும் ஆறு புள்ளிக்குப் பதிலாகப் பேய் முகம் போட்டிருக்கும். அது விழுந்தால், எடுத்த காரியம் ஜயமானாலும் ஏதாவது வில்லங்கம் நேர்ந்தே தீரும். பேய் பிடிபடும், கூடவே வீட்டுக்காரரின் பியானோவும் பிளந்துபோகும். வீட்டுக்காரர் பணம் தருவாரா? லவ்கிராஃப்டின் பூதம் எங்கேயோ சமுத்திரத்தின் அடியில் உறங்குகிறது. சிரிப்பு விளையாட்டிலோ அது ஆட்டக்காரரின் கைக்குள்ளேயே இருக்கிறது; ஒவ்வொரு தடவையும் அவரே அதைக் குலுக்கி வெளியே விடுகிறார். பயங்கர விளையாட்டு செய்து பழகிய கைக்குத்தான் இந்த யுக்தி தோன்றியிருக்கும் என்பது என் கட்சி.

1987-ல் அதே கம்பெனி 'ஸ்டார் வார்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. பகடை அள்ளும் முறை அதற்கும் போயிற்று. பேய் முகம் போகவில்லை. 1992-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் ஒரு பகடையை மட்டும் தனியாக ஒதுக்கி, அதில் ஒற்றைப் புள்ளி விழுந்தால் சங்கடம் என்று விதி செய்தார்கள்.