கடை ஊழியர்களின் ‘உட்காரும் உரிமை’: அம்பகரத்தூரில் இருந்து வேலைக்குப் போகிறவருக்குப் பொருந்துமா?

ஆடித் தள்ளுபடியில் புடவை விரித்துக் காட்டும் ஊழியர் உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா? பல பெரிய ஜவுளிக் கடைகளில் காலையில் ஷட்டர் ஏறியதில் இருந்து இரவு வரை நின்றுகொண்டேதான் வேலை. கூட்டம் இல்லாத நேரத்திலும் அப்படித்தான். கால் வீக்கம், முதுகுவலி, வெரிகோஸ் வெயின் எல்லாம் இதோடு சேர்ந்து வருபவை.

இதை எதிர்த்துக் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்கள் போராட, 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6-ம் தேதி அமைச்சர் சி.வி.கணேசன் மசோதா கொண்டுவந்தார். 1947-ம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை வைக்கணும். வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைத்தால் உட்காரலாம். சிக்கலே அந்த ‘வாய்ப்பு’தான். நாற்காலி கிடந்தாலும், சூப்பர்வைசர் முறைத்தால் யார் உட்காருவார்?

அம்பகரத்தூர் காரைக்காலைச் சேர்ந்தது. பேரளம் பக்கம் போனால் தமிழ்நாடு. அங்குள்ள கடையில் வேலை என்றால் 22-ஏ பொருந்தும். காரைக்கால் கடை என்றால் புதுச்சேரியின் 1964-ம் ஆண்டு சட்டம். தமிழ்நாட்டுத் திருத்தம் அங்கே செல்லாது. நின்று வேலை செய்பவர்களுக்கான இருக்கை பற்றி மத்திய அரசின் 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் பேசுகிறது. புகார் கொடுக்க, வீடு எங்கே என்பது கணக்கில்லை. கடை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துத் தொழிலாளர் துறை அலுவலகம்தான்.