காத்திருப்பின் விலை: வடுகபட்டிப் பக்கமிருந்து மருத்துவ இடப் போட்டி குறித்து ஓர் ஆய்வு

கல்லூரி இடங்களுக்கான போட்டியைப் பற்றிப் பேசும்போது, எத்தனை பேர் எழுதினார்கள், கட்-ஆஃப் எவ்வளவு என்ற இரண்டு எண்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். 2024இல் நீட் தேர்வுக்குப் பதிந்தவர்கள் ஏறத்தாழ 24 லட்சம். அந்த ஆண்டு நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். மலைக்க வைக்கும் கணக்குதான். ஆனால் அந்த இடங்கள் எதைக் கொடுத்து வாங்கப்படுகின்றன என்பது இதில் தெரிவதில்லை. பிளஸ் டூ முடித்தபின் சம்பாதிக்காமல் ஓர் ஆண்டு இருக்க முடிகிற வசதியே இன்றைய போட்டியின் உண்மையான முதல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தேனி மாவட்டத்தில் வடுகபட்டி இருக்கும் பெரியகுளம் வட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. சில்வார்பட்டி அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் 2020 நீட் தேர்வில் 664 மதிப்பெண் பெற்று, நாட்டின் அரசுப் பள்ளி மாணவர்களில் முதலிடம் என்று கொண்டாடப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, முதல் முயற்சியில், அவர் எடுத்தது 193. இடைப்பட்ட ஓராண்டு நாமக்கல் பக்கம் தனியார் பயிற்சியில் கழிந்தது. செலவை மற்றவர்கள் ஏற்றார்கள். மாணவரின் திறமையில் யாருக்கும் ஐயமில்லை. அது 193லும் இருந்தது, 664லும் இருந்தது. மாறியது அந்த ஓராண்டு.

பூண்டுச் சந்தை நடக்கும் ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டு வடுகபட்டிக்கு வந்து இறங்கும்போது, இருப்பு வைக்க இடமும் பணமும் உள்ளவர் விலை ஏறும்வரை பொறுப்பார். கடன் வாங்கிப் பயிரிட்டவர் அன்றைய விலைக்கே தள்ளிவிடுவார். சரக்கு ஒன்றுதான். படிப்பிலும் இதே கதைதான். மண்டியில் கூலிக்குப் போகும் வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு வருடம் புத்தகத்தோடு உட்கார்ந்தால், போவது பயிற்சிக் கட்டணம் மட்டுமல்ல, வந்திருக்க வேண்டிய கூலியும்தான். பெண் பிள்ளையாக இருந்தால் அந்த வருடத்துக்குள் கல்யாணப் பேச்சும் வந்துவிடும்.

நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் 2021 அறிக்கை இதை எண்களில் காட்டியது. தமிழக எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் நீட்டுக்கு முந்தைய 2016-17இல் மறுமுயற்சி மாணவர்கள் 12.47 சதவீதம், 2020-21இல் 71.42 சதவீதம். நீட்டை எதிர்ப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் தரவு இது. எனக்கு அதன் முதல் எண்ணில் ஒரு தயக்கம் உண்டு. நீட்டுக்கு முன்பும் நாமக்கல் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் நடத்தினார்கள். கூடுதல் ஆண்டு அப்போதும் விற்கப்பட்டது. பள்ளிக் கட்டணத்துக்குள் ஒளிந்திருந்ததால் எந்தக் குழுவின் கணக்கிலும் வரவில்லை. அந்த வழக்கத்தை அடைக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அது நீக்கப்பட்டபோது இந்தப் பழைய காரணத்தைப் பற்றிப் போதிய விவாதம் நடக்கவில்லை என்பது என் கருத்து. ஆக, நீட் இந்தச் சந்தையை உருவாக்கவில்லை. பள்ளிக்கு வெளியே கொண்டுவந்து பல மடங்கு பெருக்கியது. முயற்சிகளுக்கு உச்சவரம்பு கிடையாது. 2022இல் வயது உச்சவரம்பும் போனது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 2020இன் 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் இந்தக் கோணத்தில் மதிப்பிட வேண்டும். நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5இல் நிறுத்தியது. விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த அரசுப் பள்ளி மாணவர் சேர்க்கை அந்த ஆண்டே 300ஐத் தாண்டியது. பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று வரையறுத்த சட்டம், தேர்ச்சி பெற்ற ஆண்டைக் கண்டுகொள்ளவில்லை. முதல் தரவரிசையில் முதலில் நின்றவரே இரண்டாம் முயற்சிக்காரர்: அதே சில்வார்பட்டி மாணவர். ஏழைகளுக்கென்று ஒதுக்கிய களத்திலும் காத்திருக்க முடிந்த ஏழையே முந்துகிறார்.

காத்திருப்புக்குப் பலன் தராத சேர்க்கையும் உண்டு. அதே வட்டத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. ஒரு வருடம் காத்திருந்தாலும் அது ஏறாது. காத்திருப்பவருக்குக் கிடைக்கும் இந்த ஆதாயத்தைத் தமிழக அரசும் ஒரு காலத்தில் உணர்ந்திருந்தது. 2005 ஜூன் அரசாணை நுழைவுத்தேர்வோடு, பிளஸ் டூவை மீண்டும் எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளும் மேம்பாட்டுத் தேர்வையும் சேர்த்தே நீக்க முயன்றது. பின்வந்த விவாதம் முழுவதையும் நுழைவுத்தேர்வு விழுங்கிவிட்டது.

மறுமுயற்சியைத் தடுக்கச் சொல்லவில்லை; தடுத்திருந்தால் சில்வார்பட்டிக்கு அந்த 664 இல்லை. 7.5 சதவீதத்துக்குள் ஒரு பங்கை அந்தந்த ஆண்டு தேர்ச்சி பெற்றவர்களுக்கு ஒதுக்கலாம். மீதிப் பங்குக்கு முயல்வோருக்குக் காத்திருக்கும் ஆண்டில் மாத உதவித்தொகை தரலாம். முதல் யோசனை நீதிமன்றத்தில் நிற்குமா என்பது தனி வழக்கு. இரண்டாவதற்கு நிதி ஒதுக்கீடு போதும். இரண்டுக்கும் முன்னதாக, தரவரிசைப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிளஸ் டூ தேர்ச்சி பெற்ற ஆண்டையும் அச்சிடலாம். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது.