யெல்லோஸ்டோன் கரடிகளும் குப்பைமேடுகளும்: ஒரு முடிவின் வரலாறு

மனித உணவுக்குப் பழகிய காட்டு விலங்கை என்ன செய்வது என்னும் வினா, அமெரிக்காவில் 1872-இல் நிறுவப்பெற்ற யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வரலாற்றில் கூர்மையாக எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே விடுதிகள் கொட்டிய மிச்ச உணவை நாடிக் கரடிகள் திரண்டன. அது பயணிகளுக்குரிய காட்சியாகவும் ஆயிற்று. பொதுமக்கள் காணும்படி அமைந்த கடைசி உணவூட்டுக் களம் 1941-இல் மூடப்பெற்றது. எனினும் பார்வைக்கு அப்பால் குப்பைமேடுகள் தொடர்ந்தன.

1959-இல் இரட்டையரான ஜான், ஃபிராங்க் கிரெய்க்ஹெட் ஆகியோர் அங்குள்ள கிரிஸ்லி கரடிகளை ஆராயத் தொடங்கினர். தேசியப் பூங்காக்கள் இயற்கை நிலையில் பேணப்பெற வேண்டும் என 1963-இல் லியோபோல்டு குழு அறிவுறுத்தியது. 1967 ஆகஸ்டில் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஒரே இரவில், வெவ்வேறு இடங்களில், இரு இளம்பெண்கள் கிரிஸ்லி கரடிகளால் கொல்லப்பட்டனர். இதன்பின் முடிவெடுப்பதைத் தள்ளிப்போட இயலவில்லை.

குப்பைமேடுகளை மூடவேண்டும் என்பதில் இருதரப்பும் உடன்பட்டன. கருத்து மாறுபாடு வேகம் பற்றியதே. திடீரென மூடினால் கரடிகள் கூடாரத் திடல்களுக்குள் புகும். ஆதலால் படிப்படியாக மூடுக என்றனர் கிரெய்க்ஹெட் சகோதரர்கள். காலம் தாழ்த்தினால் மற்றொரு தலைமுறைக் குட்டிகளும் தாயிடமிருந்து அப்பழக்கத்தைக் கற்கும் என்றார் பூங்காவின் உயிரியலாளர் கிளென் கோல். பூங்கா நிர்வாகம் கோலின் கருத்தை ஏற்றது. ராபிட் கிரீக் குப்பைமேடு 1969-இலும் டிரௌட் கிரீக் குப்பைமேடு 1970-இலும் மூடப்பெற்றன.

தொடர்ந்து வந்த ஆண்டுகளில் உணவு தேடி மனிதர் தங்குமிடங்களுக்கு வந்த கரடிகள் பல கொல்லப்பட்டன. 1971-இல் சகோதரர்களின் ஆய்வும் பூங்காவில் முடிவுற்றது. 1975-இல் அலாஸ்கா நீங்கலான தொடர்நிலப் பகுதியில் கிரிஸ்லி கரடி அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவிக்கப்பெற்றது. இவ்வகையில் சகோதரர்களின் அச்சம் மெய்யாயிற்று. மறுபுறம், கரடிகள் திறக்கவியலாத குப்பைத் தொட்டிகளும் உணவைப் பூட்டிவைக்கும் விதிகளும் நடைமுறைக்கு வந்தபின், குப்பையின்றியே கரடியினம் மீண்டது. இன்று யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் அதன் தொகை ஏறத்தாழ ஆயிரம் என மதிப்பிடப்படுகிறது. ஆகவே கோலின் நோக்கமும் பிழையன்று.

இவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பழக்கத்தை உண்டாக்கியவன் மனிதன். அதை நீக்குதற்குரிய விலையைச் செலுத்தியது கரடி. பின்னாளில் வெற்றி தந்தது கரடியைத் திருத்தும் முயற்சியன்று. மனிதன் தன் உணவைக் காக்கக் கற்றதேயாகும். அக்கல்வி குப்பைமேடுகளை மூடுவதற்கு முன்பே தொடங்கியிருப்பின் அவ்விலை குறைந்திருக்கும் எனக் கருத இடமுண்டு.