ஜெனீவா முதியவர் கண்ட காட்சிகள்

ஆண் துணையின்றியே அசுவினிப் பூச்சி இனம் பெருக்குவதை இளம்பிராயத்திலேயே நிரூபித்துப் பிரசித்தி பெற்றவரும், நுண்ணோக்கியில் ஓயாது நோக்கித் தம் கண்களைப் பழுதாக்கிக்கொண்டவருமான ஜெனீவா நகரத்து விஞ்ஞானி சார்ல்ஸ் போனே, ஆன்ம சக்திகளை ஆராய்ந்து 1760-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கண்புரைச் சிகிச்சைக்குப் பின்னர்ப் பார்வை மங்கிப்போன தம் பாட்டனார் சார்ல்ஸ் லுல்லன், ஆடவரும் பெண்டிரும் பறவைகளும் வண்டிகளும் மாளிகைகளும் எதிரே தோன்றி மறையக் கண்டுவந்த விசித்திரத்தை விவரித்தார். அம்முதியவரோ, சித்தம் சிறிதும் கலங்காமல், அவை யாவும் மாயத்தோற்றமே என்றறிந்து அவற்றை ரசித்தார். இவற்றின் ஜன்மஸ்தானம் கண்ணன்று, மூளையே என்று போனே அனுமானித்தார்.

இருபதாம் நூற்றாண்டில் அதே நகரில் பணிபுரிந்த நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் டி மோர்சியே இந்நிலைக்குப் போனேயின் நாமத்தையே சூட்டினார். கண்ணிலிருந்து வரவேண்டிய செய்திகள் குன்றும்போது, மூளையின் பின்புறத்துப் பார்வைப் பகுதிகள் ஓய்ந்துவிடாமல் தாமாகவே கிளர்ச்சியுற்றுக் காட்சிகளைப் படைக்கின்றன என்பதே இன்றைய சித்தாந்தம். வர்ணங்கள் தோன்றும் வேளையில் வர்ண உணர்ச்சிக்குரிய பகுதியே இயங்குவதை, 1998-இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட மூளைப் படங்கள் காட்டின.

பித்தரென்று பிறர் இகழ்வரோ என அஞ்சி, இக்காட்சிகளை மருத்துவரிடமும் மறைப்போர் இன்றும் உண்டு. காரணத்தை விளக்கிச் சொன்ன மாத்திரத்தில் அவர்களுள் பலருடைய பயம் தணிந்துவிடுகிறது.